பட்டும்படாம

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்குக் காத்து ஆகாது. தொண்டைய நான் பத்திரமாப் பாத்துக்கணும். இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா கணவாய் வளைவுல உருண்டு எவன் தலையிலயாச்சும் விழுந்துரும். கனமெல்லாம் இல்ல, சும்மா ஒரு சாமான்தான்.

காதுல என்ன சார், பாட்டா? கழட்டுங்க கழட்டுங்க. ஆண்டிபட்டி தாண்டுனா டவர் கிடைக்காது. பாட்டு பாதியில நின்னா மனுசனுக்கு எரிச்சல்தான் வரும்.

மதுரைக்குத்தானே போறீங்க? நான் அதுக்கு முன்னாடியே காலேஜ் ஸ்டாப்புல இறங்கிருவேன். என் மருமகன் அங்கதான் படிக்கிறான். தங்கச்சி மகன். பாஸ்கெட்பால் ஆடுறான். இன்னிக்குச் சாயங்காலம் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. எல்லாக் காலேஜுல இருந்தும் பயலுக வருவாங்க, ஆட விட்டுப் பாத்து எடுப்பாங்க. அதுல பேரு வந்துட்டா, படிப்பு முடிஞ்சதும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. ரயில்வேயோ, பேங்கோ. என் மச்சான் மலைமேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுறாரு. அந்த ரோட்டுல ஓட்டி ஓட்டி முதுகெலும்பு தேஞ்சு போச்சு. இவன் தலையெடுத்தாத்தான் அந்தக் குடும்பம் நிமிரும். அதனால இன்னிக்கு ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்ல.

வீட்ல இருந்து யாரும் வரக் கூடாதுன்னு சொல்லிட்டான். யாரும்னா என்னையும் சேத்தா? தாய்மாமன் எப்படி சார் அந்த 'யாரும்'ல வருவான்?

என் குரலை எங்கயாச்சும் கேட்ட மாதிரி இருக்குமே. இல்லையா? தேனிப் பக்கம் போக்குவரத்து இருந்தாக் கேட்டிருப்பீங்க. மைக் வீரணன்னா சுத்துப்பட்டு பூராத் தெரியும். எலெக்சன் வந்தா எல்லாக் கட்சி ஆட்டோவுலயும் நான்தான். காலைல ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. ரெண்டையும் உண்மையாத்தான் சொல்லுவேன். கும்பாபிஷேகம், தண்ணி வராது, புள்ளை காணாமப் போச்சு, எல்லாத்துக்கும் நான்தான். எங்க ஊர்ல ஒருத்தர் செத்தாருன்னா மைக்குல நான் சொன்னப்புறம்தான் செத்ததா அர்த்தம். ஒரு தடவை கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன். அவரு இன்னமும் இருக்காரு. என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாரு. அது வேற கதை.

எங்க ஊர்ல வருசா வருசம் மே மாசம் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். பொம்பளைக, புள்ளைக, வாழைமண்டிக்காரங்க எல்லாரும் பொழுது சாயவே வந்து கேலரியில எடம் புடிச்சிருவாங்க. பெரிய பெரிய டீமெல்லாம் வரும். அந்தப் போட்டிக்கு இருபது வருசமா மைக்கு நான்தான். ஸ்கோர் சொல்றது ஒரு காரியமா சார்? அதைத்தான் போர்டுல போட்ருக்கே. பேரு வைக்கணும், அதுதான் கலை. தொட்டதுக்கெல்லாம் விசில் ஊதுற நடுவர் ஒருத்தரு. அவருக்குக் 'கண்டக்டர்'னு வச்சேன். அவர் ஊதுனா, "கண்டக்டர் நிப்பாட்டச் சொல்றாரு, இறங்குறவங்க இறங்கிக்கலாம்"பேன். கேலரி சிரிச்சு உருளும். மெட்ராசுல இருந்து ஒரு நெட்டைப் பய வந்தான். வளையத்துக்குக் கீழ நின்னான்னா நின்ன எடம்தான். 'தெருவிளக்கு'ன்னு வச்சேன். மறுவருசம் அந்த டீமுல அவன் வரல. கால்வலின்னாங்க.

என் மருமகன் பேரு ஜெகதீஸ்பாண்டி. ஜெகா. அந்தப் பேரே நான் வச்சதுதான். என் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துனது. குத்தும்போது கத்துனான் பாருங்க, நான் அவன் கத்துறதுக்கே மைக்குல கமெண்டரி சொன்னேன். மண்டபம் பூராச் சிரிப்பு. என் தங்கச்சி மட்டும் சிரிக்கல. அவ பேரு பேச்சியம்மா. பேருதான் பேச்சி, பேச்சே கிடையாது. எங்க வீட்டுப் பேச்சு மொத்தமும் எனக்கு வந்துருச்சு.

அவன் கார்டு சார். கார்டுன்னா காவக்காரன் இல்ல. பந்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் தட்டிக் கொண்டுபோறது அவன்தான். யாருக்குக் குடுக்கணுமோ பாத்துக் குடுக்கணும், இல்லேன்னா தூரத்துல நின்னு தானே போடணும். எங்காளு போடுறதுல மன்னன். அரை மைதானத்துல நின்னு போடுவான், கெணத்துல வாளி எறங்குற மாதிரி நேரா எறங்கும். அதைப் பாத்துத்தான் காலேஜுல ஃபீஸ் இல்லாம எடுத்தாங்க. அவன் ஒவ்வொண்ணு போடும்போதும் நான் மைக்கோட எந்திரிச்சு நின்னுருவேன். என் சொந்த ரத்தம்ல.

போன வருசம் எங்க ஊர்ப் போட்டி ஃபைனல். இவன் காலேஜும் ஒரு பேங்க் டீமும். கடைசி நேரம், ஒரு பாயிண்ட்டு கம்மி. இவனைத் தள்ளிவிட்டுட்டானுக. ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுத்தாங்க. யாரும் மறிக்க மாட்டாங்க சார், கோட்டுல நின்னு சும்மா போட வேண்டியதுதான். ஒண்ணு விழுந்தா சமம், ரெண்டும் விழுந்தாக் கப்பு. ஊரே மூச்சுப் புடிச்சிருக்கு. அந்த நேரத்துல மைக்குல பேசக் கூடாதுன்னு ஒரு வழக்கம் உண்டு. ஆனா நிக்கிறது யாரு? நான் மடியில வச்சுக் காது குத்துன புள்ளை. சும்மா இருக்க முடியுமா?

"என் மருமகன் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான் பாருங்க"ன்னேன்.

அவன் திரும்பி என்னைப் பாத்தான். பாத்துட்டுப் போட்டான். வளையத்துல பட்டு வெளிய வந்துருச்சு.

சரி, பய பயந்துட்டான், தைரியம் சொல்லுவோம்னு, "பதறாத மாப்ள, மாமன் இருக்கேன்"ன்னேன். இன்னொண்ணு போட்டான். அது வளையத்து மேலேயே ஒரு சுத்துச் சுத்துச்சு சார். சுத்திட்டு வெளிய விழுந்துருச்சு. கப்பு போச்சு. கேலரியில ஒரு சத்தம் இல்ல. எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. நான் இருக்கிற எடத்துல அப்படி இருக்கலாமா? என் வாயில தானா வந்துச்சு. ராகம் போட்டு, இழுத்து:

"பட்டும்... படாம... போச்சே ஜெகா."

அம்புட்டுத்தான். ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, இருபது வருசத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்குனதே இல்ல. தோத்த சோகம் பூராப் போயிருச்சு. பரிசு குடுக்கும்போது அவனுக்கும் ஒரு மெடல் இருந்துச்சு. "பட்டும்படாம ஜெகா மேடைக்கு வரவும்"னு கூப்பிட்டேன். மறுபடியும் சிரிப்பு. பேச்சி கேலரியில இருந்து எந்திரிச்சுப் போயிட்டா. வீட்ல பாலை அடுப்புல வச்சிட்டு வந்திருப்பா போல.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுட்டான். லட்சம் பேரு பாத்தாங்க சார். மலேசியாவுல இருந்து ஒருத்தர் எனக்குப் போன் பண்ணாரு. அந்த வீடியோவுல அவன் மூஞ்சி ஓரத்துலதான் தெரியும். என் குரல்தான் முக்கியம்.

அதுக்கப்புறம் எங்க போனாலும் அந்தப் பேரு அவனுக்கு முன்னாடி போயிருச்சு. திருச்சி, கோயம்புத்தூர், மெட்ராஸ். இவன் பந்தைத் தலைக்கு மேல தூக்குனா போதும், எதிர்க் காலேஜுப் பயலுக கேலரியில கையத் தட்டி, "பட்டும்... படாம..."ன்னு பாடுறானுக. அதே ராகம். என் ராகம். எனக்குப் பெருமையா இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

ஆனா பய சுருண்டுட்டான். அதை ஒத்துக்கணும். போடுறதையே விட்டுட்டான். நான் ஒரு ஆட்டம் பாக்கப் போனேன். முன்னாடி ஆளே இல்ல சார், வளையம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. இவன் பந்தைப் பக்கத்துல இருக்கிறவன்கிட்டத் தள்ளி விடுறான், சுடுசட்டியத் தள்ளுற மாதிரி. கை வேர்த்து வேர்த்துச் சட்டையில துடைக்கிறான். ரெண்டாவது பாதி ஆட்டத்துல அவனை வெளிய உக்கார வச்சுட்டாங்க. துண்டைத் தலையில போட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தான். ஓடிப் போய்க் கட்டிக்கலாமான்னு இருந்துச்சு. தூரத்துல இருந்தே, "விடு மாப்ள, பட்டும்படாம ஆடாத, பட்டுன்னு போடு"ன்னு கத்துனேன். துண்டை இன்னும் கீழ இழுத்துக்கிட்டான்.

ஆட்டம் முடிஞ்சு கோச்சைப் போய்ப் பாத்தேன். ஜெகாவோட மாமான்னு சொன்னேன். மேலயும் கீழயும் பாத்தாரு. "அது நீங்கதானா?"ன்னாரு. "அது நான்தான் சார்"னேன். அங்க வரைக்கும் என் பேரு போயிருக்கு பாருங்க. நல்ல மனுசன், டீ வாங்கிக் குடுத்தாரு. "அவனுக்கு இப்ப சத்தமில்லாத ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருந்தா நல்லது"ன்னாரு. சத்தமில்லாத ஆட்டமாம். உப்பில்லாத கஞ்சி. அதுக்கு எதுக்கு ஒரு கோச்சு? சரி, படிச்சவர், ஏதோ சொல்றாருன்னு வந்துட்டேன்.

கணவாய் வந்துருச்சு. புடிச்சுக்கங்க சார், இந்த டிரைவர் வளைவுல கொஞ்சம் வேகமாத்தான் திருப்புவான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். எங்கிட்டப் பேசல. தலையாட்டுனான், அம்புட்டுத்தான். நான் என்ன தப்பு செஞ்சேன்? தாய்மாமன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? அடிக்கிற கைதான் அணைக்கும்பாங்க. காலையில பந்து ஆடக் கோர்ட்டுக்குப் போறான்னு தெரிஞ்சு நானும் டீ கிளாசோட போய் ஓரமா நின்னேன். பந்தைத் தட்டிக்கிட்டு இருந்தான். சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு, "ஜெகா வருகிறார், இடதுகையில் தட்டுகிறார், இதோ வளையத்தை நெருங்குகிறார்"னு வாயாலயே கமெண்டரி குடுத்தேன். பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் எங்க போயி ஆடுனான் தெரியுமா? வாரச்சந்தைக் கொட்டகையில. சந்தை இல்லாத நாள்ல அது சும்மாதானே கெடக்கும், சிமெண்டுத் தரை, வரிசையாத் தூணு. வளையம் கிடையாது சார். வளையமே இல்லாத எடத்துல ஒருத்தன் என்னத்தைப் பழகுவான்? கறிக்கடைக்குப் போறப்ப மறைவா நின்னு பாத்தேன். அவனுக்குத் தெரியாது. தூணுக்குத் தூணு எடதுகையால தட்டிக்கிட்டு நெளிஞ்சு நெளிஞ்சு போறான். பின்னாடி நடந்து வர்றான், குனிஞ்சுக்கிட்டு, கைய விரிச்சுக்கிட்டு, எதுத்தாப்புல எவனோ ஓடி வர்ற மாதிரி. தூணுல சாக்பீசால ஒரு புள்ளி வச்சு, ஓடிக்கிட்டே அந்தப் புள்ளியில பந்தை அடிக்கிறான். அடிச்சுத் திரும்பி வர்றதைப் புடிக்கிறான். தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி மூட்டைமேல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தா. அவளைத் தவிர மனுசரே இல்ல. அவன் மூஞ்சியில ஒரு தெளிவு இருந்துச்சு சார், சின்ன வயசுல இருந்த மாதிரி. எனக்குப் போய்ப் பேசணும் போல இருந்துச்சு. அப்புறம் கறிக்கடையில கூட்டம் வந்துரும்னு போயிட்டேன்.

அதுல இருந்து ஆட்டம் மாறிப்போச்சு. அவன் பேச்சிக்குப் போன் பண்ணும்போது நானும் பக்கத்துல உக்காந்து கேப்பேன். "எதிராளியோட பெரிய ஆட்டக்காரனை என்கிட்ட விட்டாங்கம்மா, அவனை அசைய விடல"ம்பான். "பந்தைப் பறிச்சுக்கிட்டு ஓடிட்டேம்மா"ம்பான். "உயரமான பயலுகளுக்கு நடுவுல குதிச்சுப் புடிச்சேம்மா"ம்பான். அவன் குடுக்கிற பாசுலதான் டீம் ஜெயிக்குதுன்னு அவன் கூட்டாளி ஒருத்தன் சொன்னான். முன்னாடி போடத் தெரிஞ்சவன், இப்ப ஆடத் தெரிஞ்சவன் ஆயிட்டான். ஆனா தூரத்துல இருந்து மட்டும் போடவே மாட்டேங்கிறான். "போடுறியாய்யா?"ன்னு பேச்சி கேப்பா. "பாப்போம்மா"ம்பான். அந்த எடத்துலதான் நான் போனை வாங்கி, "மாப்ள"ம்பேன். கட்டாயிரும். எங்க ஊர்லயும் இந்த டவர்தான் பிரச்சனை.

இம்புட்டும் எதனால வந்துச்சுங்கிறீங்க? நான் வச்ச பேருனால. ரோசம் சார். ரோசம் வந்தாத்தான் மனுசன் நாலு வேலை கத்துக்குவான். நான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் வெறுமனே போட்டுக்கிட்டேதானே இருந்திருப்பான்? இதை ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

சொல்ல மாட்டாங்கன்னா, கூலி எப்படிக் குடுத்தாங்கன்னு கேளுங்க. இந்த வருசம் மே மாசம் போட்டிக்கு முன்னாடி கூடைப்பந்துக் கழகச் செயலாளர் சௌந்தரராசு வீட்டுக்கு வந்தாரு. "அண்ணே, இந்த வருசம் நீங்க வாசல்ல நின்னு பெரிய மனுசங்களை வரவேற்கிற பொறுப்பைப் பாத்துக்கங்க"ன்னாரு. சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. மைக்கு யாருக்குன்னேன். அவரு மருமகனுக்காம். எப்படி இருக்கு? ஏன்யா இந்த வேலை பாக்குறன்னு கேட்டா, ஜெகா காலேஜ் டீம் வரணும்னா ஒரு நிபந்தனை போட்டாங்களாம். நான் மைக்கைத் தொடக் கூடாதாம். இவரே கட்டிவிட்ட கதை சார். என் மருமகன் அப்படிச் சொல்லுவானா? நான் காது குத்துன புள்ளை. கடைசியில வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, "நுணலும் தன் வாயால் கெடும்ணே"ன்னாரு. நுணல்னா தவளைதானே? தவளை கத்தலேன்னா மழை எப்படி வரும்னு கேட்டேன்.

அவரு மருமகன் மைக்குல பேசுனான் பாருங்க. பேச்சா அது? பாயிண்ட்டு, பேரு, பாயிண்ட்டு, பேரு. மெடிக்கல்ல மாத்திரை விலை சொல்ற மாதிரி. நான் சந்தனக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு நிக்கிறேன். வர்றவன் போறவன் எல்லாம், "என்ன வீரணா, வாய வாடகைக்கு விட்டுட்டியா?"ன்னு கேக்குறான். இருபது வருசம் சார். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பன்னீர் கண்ணுல பட்டுருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

ஃபைனலுக்கு எங்க பயலோட காலேஜ் வந்துருச்சு. எதிர்ல அதே பேங்க் டீம். நான் கிண்ணத்தை வச்சிட்டுக் கேலரிக்குப் போயிட்டேன். அங்க ஒரு அதிசயம். போன வருசத்துக்கு அப்புறம் கோர்ட்டுப் பக்கமே வராத பேச்சி வந்து எம்பக்கத்துல உக்காந்தா. உக்காந்து என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா. சின்னப்புள்ளையில திருவிழாக் கூட்டத்துல அப்படித்தான் புடிப்பா, தொலைஞ்சு போயிருவோமோன்னு. அவளுக்குப் பயமாத்தான் இருந்திருக்கும், பெத்த வயிறுல. நானும் விடாமப் புடிச்சுக்கிட்டேன்.

ஜெகா ஆடுனான் சார். ஓடுறான், மறிக்கிறான், பறிக்கிறான், குனிஞ்சு குடுக்குறான். பந்து எங்க இருக்கோ அங்க இருக்கான். ஆனா போடல. அது எதிராளிக்கும் தெரிஞ்சு போச்சு. இவன் போட மாட்டான்னு இவனை விட்டுட்டு மத்தவங்களையே மறிக்கிறானுக. கடைசி நேரம். ரெண்டு பாயிண்ட்டு கம்மி. பந்து இவன் கையில. எல்லாரையும் மறிச்சுட்டானுக. இவன் மட்டும் தூரத்துக் கோட்டுக்கு வெளிய தனியா நிக்கிறான். அங்க இருந்து விழுந்தா மூணு பாயிண்ட்டு, கப்பு. சுத்தியும் பாக்குறான், குடுக்க ஆளில்ல. கேலரி மொத்தமும் அமைதி. அந்த மாத்திரைக்காரனும் பேசல. எனக்கு உள்ளுக்குள்ள இருந்து பொங்கிக்கிட்டு வருது. வாயத் தொறந்துட்டேன்.

பேச்சி கடலை உருண்டைய எடுத்து வாயில திணிச்சுட்டா சார். முழுசா ஒண்ணு. முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்திருக்கா. எனக்குக் கடலை உருண்டை புடிக்கும், அதை ஞாபகம் வச்சிருக்கா பாருங்க, அந்த நேரத்துலயும். மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

அவன் பந்தைத் தூக்குனான். ஒரு நிமிசம் கேலரியப் பாத்தான். என்னையத்தான் தேடுனான்னு நினைக்கிறேன். அப்புறம் போட்டான்.

வளையத்துல படவே இல்ல சார். எதுலயும் படல. வலை மட்டும் ஒரு சத்தம் போட்டுச்சு. சரக்குன்னு, புதுச்சேலையை உதறுன மாதிரி. இருபது வருசமா அந்தக் கோர்ட்டுல இருக்கேன், அப்படி ஒரு சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் சத்தத்துல அது கேட்டதே இல்ல. அழகான சத்தம் சார்.

அப்புறம் ஊரே எறங்கிக் கோர்ட்டுக்குள்ள ஓடுச்சு. அவன் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு நேரா அவங்கம்மாகிட்ட வந்தான். வேர்வையோட அவ தோள்ல சாஞ்சான். அவ அவன் தலையத் தடவுனா. நான் கன்னம் உப்ப நிக்கிறேன், வாயில உருண்டை. என்னைப் பாத்தான். ஒரு வருசம் கழிச்சு நேராப் பாத்தான். "மாமா, சாப்பிட்டீங்களா?"ன்னான். ஊம்னு தலைய ஆட்டுனேன். என் கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போனான்.

அந்த ஒரு வார்த்தை சார். வீட்டுக்குப் போயி, கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். புள்ளை இல்லாதவன் நான். அவன் 'மாமா'ன்னு கூப்பிடலேன்னா இந்தக் குரலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

இப்பச் சொல்லுங்க. நான் வாயவே தொறக்காம, சும்மா பக்கத்துல நின்னதுக்கே அம்புட்டுத் தூரத்துல இருந்து போட்டான். வாயத் தொறந்திருந்தா எம்புட்டுப் போட்டிருப்பான்? அவனுக்கு வேண்டியது ஆதரவு சார். வெளியூர்ல, முன்னப்பின்ன தெரியாத கூட்டத்துல, நம்ம குரல் ஒண்ணு கேக்கணும்.

அதான் கிளம்பிட்டேன். பேச்சிகிட்ட சொல்லல. ஆனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டா. யார் சொன்னாங்களோ. "அண்ணே, உன் குரலைக் கேட்டா அவனுக்குக் கை நடுங்குதாம்ணே"ன்னா. நடுங்கத்தானே செய்யும்? மாமன்மேல மரியாதை இருக்குல்ல. "இன்னிக்கு ஒரு நாள் விட்ருண்ணே"ன்னா. அவ அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல. வேற ஒரு வேலையா மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டேன். பைய வாங்கித் தொறந்து பாத்தா. உள்ள இருந்த பேட்டரியெல்லாம் கழட்டி எடுத்துக்கிட்டா. கரண்டு போனா டார்ச்சுக்கு வேணுமாம். சரி, எடுத்துக்கட்டும், தங்கச்சிதானே.

பைக்குள்ள என்னாவா? இந்தா பாருங்க. கைமைக்கு. எலெக்சன் டயத்துல வாங்குனது. இந்தச் சுவிச்சை அமுக்கிப் பேசுனா நாலு தெருவுக்குக் கேக்கும். பேட்டரி இல்லாம இப்பச் சும்மா தகர டப்பாதான்.

ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன் சார். அன்னிக்கே தோணுச்சு, வாயில உருண்டை இருந்ததால சொல்ல முடியல. வளையத்துல படவே இல்லைல்ல? அதான். அவன் பந்தைத் தூக்கும்போது, எல்லாரும் அமைதியா இருப்பாங்க பாருங்க, சரியா அந்த எடத்துல எந்திரிச்சு, அதே ராகத்துல, "படாமலே... போடு ஜெகா"ன்னு இழுக்கப் போறேன். பழைய பேரை நான் வச்ச வாயாலேயே அழிச்சுரணும். வேற யாரு அழிக்க முடியும்? கேட்டவுடனே திரும்பிப் பாப்பான். பாக்கட்டும். நான் இருக்கேன்னு தெரியட்டும்.

என்ன சார் கேக்குறீங்க? பேட்டரியா? ஸ்டாப்புல பெட்டிக்கடை இருக்கும், வாங்கிக்கிருவேன். இல்லாட்டியும்தான் என்ன, தொண்டைக்குமா பேட்டரி போடணும்?

அந்தா, காலேஜ் மதில் தெரியுது. ஹோல்டான்! ஒரு ஆள் இறங்கணும்.

என்ன சார்... நீங்களும் மணிக்கட்டைப் புடிக்கிறீங்க? பேச்சி மாதிரியே. கைய விடுங்க சார், பஸ் நிக்குது, நான் இறங்கணும்.